மங்கிய டேஷ்போர்டு விளக்கு: புது பல்பா, எல்இடியா, வயரிங் வேலையா?

ஐம்பது அறுபது வருடப் பழைய காரை இரவில் ஓட்டும்போது, ஸ்பீடோமீட்டர் முள் எங்கே நிற்கிறது என்று குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறதா? அதைச் சரிசெய்யப் பல வழிகள் உண்டு. அதே வகையில் புது பல்பு போடலாம். கொஞ்சம் கூடுதல் வாட் உள்ள பல்பு போடலாம். எல்இடிக்கு மாறலாம். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மரைத் தவிர்த்து நேர் இணைப்புக் கொடுக்கலாம். எர்த்தையும் (கரண்ட் காரின் பாடி வழியாகப் பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) பல்பு ஹோல்டர்களையும் சுத்தம் செய்யலாம். ஸ்பீடோமீட்டர் போன்ற கேஜைப் பிரித்து உள்ளே வெள்ளை பெயின்ட் அடிக்கலாம். பலரும் முதலில் போவது எல்இடிக்குத்தான். வாங்கிச் சொருகினால் முடிந்துவிடும் என்ற எண்ணம் நியாயமானதே. ஆனாலும் அதை நான் கடைசி வழிகளில் ஒன்றாகத்தான் வைப்பேன். கார் புதிதாக வந்தபோது அதே சின்ன பல்புகளை வைத்துத்தான் அந்த கேஜ்களை மக்கள் இரவில் படித்தார்கள். இன்று படிக்க முடியவில்லை என்றால், நடுவில் எங்கோ வெளிச்சம் தொலைந்திருக்கிறது. எங்கே என்று தெரியாமல் எதை வாங்கினாலும் அது குருட்டுச் செலவுதான்.

வெளிச்சம் தொலையக்கூடிய இடங்கள் இரண்டு. ஒன்று, கரண்ட் பல்பு வரை வந்து சேரும் பாதை. மற்றொன்று, பல்பில் கிளம்பிய வெளிச்சம் கேஜ் முகத்துக்கு வரும் பாதை. இரண்டில் எது என்பதை ஒரே ஓர் அளவீடு காட்டிவிடும். பல்பு எரிந்துகொண்டிருக்கும்போதே அதன் ஹோல்டரில் எத்தனை வோல்ட் இருக்கிறது என்று பாருங்கள்.

எரிந்துகொண்டிருக்கும்போது என்பதை அழுத்திச் சொல்கிறேன். பல்பைக் கழற்றிவிட்டு வெறும் ஹோல்டரில், வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தால் அங்கே கரண்ட் ஓடாது. கரண்ட் ஓடாவிட்டால் களிம்பேறிய இணைப்பிலும் வோல்டேஜ் குறையாது. பேட்டரியில் உள்ள 12.6 வோல்ட் அப்படியே ஹோல்டரிலும் தெரியும், வயரிங் நன்றாக இருக்கிறது என்று நம்பிவிடுவீர்கள். பல்பை மாட்டி, டிம்மரை முழு வெளிச்சத்தில் வைத்து, அப்புறம் அளக்க வேண்டும். இன்ஜின் ஓடும்போது பேட்டரி முனையில் 13.8 வோல்ட் இருந்தால், ஹோல்டரில் 13.3க்குக் குறையாமல் வரவேண்டும். அரை வோல்ட் இழப்பு வரை பொறுத்துக்கொள்ளலாம்.

இதில் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் இழை பல்பின் குணம். அதன் வெளிச்சம் வோல்டேஜோடு நேர்விகிதத்தில் குறைவதில்லை. வோல்டேஜின் சுமார் மூன்றரை அடுக்கில் (power 3.5) மாறுகிறது. வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் 30 சதவீதம் போய்விடும். 13.8 வரவேண்டிய இடத்தில் 11 வோல்ட் வந்தால் பாதி வெளிச்சம்கூட மிஞ்சாது. மல்டிமீட்டரில் சின்ன வித்தியாசமாகத் தெரிவது கண்ணுக்குப் பெரிய மங்கலாகத் தெரிவது இதனால்தான்.

வேலையைத் தொடங்குமுன் ஒரு பாதுகாப்பு விஷயம். பழைய கார்களில் பலவற்றில் டேஷ்போர்டில் கரண்டை அளக்கும் அம்மீட்டர் இருக்கும். ஸ்டார்ட்டர் மோட்டார் தவிர காரின் கிட்டத்தட்ட மொத்தக் கரண்டும் அதன் வழியாகப் போகும், பெரும்பாலும் நடுவில் ஃபியூஸ்கூட இருக்காது. கையில் உள்ள ஸ்பானர் அதன் முனையிலும் பாடியிலும் சேர்ந்து பட்டால் வயரிங் முழுவதும் கருகிவிடும். கேஜ்களுக்குப் பின்னால் கை விடும்போதெல்லாம் பேட்டரி இணைப்பு கழன்றிருக்க வேண்டும். அளக்கும் நேரத்துக்கு மட்டும் அதை மாட்டினால் போதும்.

ஹோல்டரில் வோல்டேஜ் குறைவாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் எர்த் பக்கத்தைப் பாருங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை கேஜின் உலோக உடலிலும் மற்றதை பேட்டரியின் எர்த் முனையிலும் வைத்து, விளக்குகள் எரியும்போது அளக்க வேண்டும். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கோளாறு அங்கேதான். இன்னும் எளிய சோதனையும் உண்டு. கேஜ் உடலிலிருந்து பேட்டரியின் எர்த் முனைக்கு ஒரு வயரைத் தற்காலிகமாகக் கொடுங்கள். விளக்குகள் சட்டென்று பிரகாசமானால் விடை கிடைத்துவிட்டது.

பழைய கார்களில் கேஜ்களுக்குத் தனி எர்த் வயர் இல்லாமல், உலோக டேஷ்போர்டே எர்த்தாக இருப்பது சகஜம். காரைப் புதுப்பிக்கும்போது டேஷ்போர்டுக்கு நன்றாகப் பெயின்ட் அடிப்பார்கள். கேஜைப் பிடிக்கும் கிளாம்ப் பெயின்ட் மேல் உட்காரும், எர்த் போய்விடும். பார்க்கப் புதிதுபோல் ஜொலிக்கும் கார்களில் டேஷ்போர்டு விளக்கு மட்டும் மங்கலாக இருப்பதற்கு இது பெரிய காரணம். எர்த் மோசமானதற்கு இன்னோர் அடையாளம், இண்டிகேட்டர் போட்டால் டேஷ்போர்டு விளக்கும் அதோடு சேர்ந்து துடிப்பது. எர்த் கிடைக்காத கரண்ட் வேறொரு பல்பு வழியாக வெளியேறப் பார்க்கிறது. இங்கே எத்தனை எல்இடி வாங்கி மாட்டினாலும் துடிப்பு நிற்காது. ஒவ்வொரு கேஜ் உடலிலிருந்தும் வயர் எடுத்து, எல்லாவற்றையும் சேர்த்து, பெயின்ட் சுரண்டிய சுத்தமான பாடி உலோகத்தில் போல்ட் போட்டு இறுக்குங்கள். இந்தக் கட்டுரையில் வரும் எல்லா வழிகளிலும் குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

எர்த் சரியாக இருந்தால், குறை கரண்ட் வந்து சேரும் பக்கத்தில் இருக்கிறது. விளக்கு ஸ்விட்ச், ஃபியூஸ், டிம்மர், ஹோல்டர் என்று வரிசையாக ஒவ்வோர் இடத்திலும் அளந்துகொண்டே வாருங்கள். எங்கே வோல்டேஜ் திடீரென்று விழுகிறதோ அங்கே நில்லுங்கள். வயரை அடையாளம் காண நிறம் உதவும். லூகாஸ் நிறுவனத்தின் வயரிங் உள்ள பிரிட்டிஷ் கார்களில் டேஷ்போர்டு விளக்கு வயர் சிவப்பில் வெள்ளைக் கோடு. ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் சாம்பல், கிரைஸ்லரில் ஆரஞ்சு. ஜெர்மன் கார்களின் வரைபடத்தில் 58டி என்ற முனை எண்ணைத் தேடுங்கள்.

அநேகமாக நீங்கள் போய் நிற்கும் இடம் டிம்மராக இருக்கும். பழைய டிம்மர் என்பது பீங்கான் துண்டில் சுற்றிய ஒரு மின்தடைக் கம்பியும் அதன்மேல் நகரும் ஒரு தொடுமுனையும்தான், இதை ரியோஸ்டாட் என்பார்கள். வருடக்கணக்கில் யாரும் திருப்பாமல் விட்டால் கம்பியில் களிம்பு ஏறி, முழு வெளிச்சத்தில் வைத்தாலும் சில ஓம் மின்தடை அப்படியே இருக்கும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பல தடவை திருப்புங்கள். நிறைய கார்களில் வெளிச்சம் இதிலேயே திரும்பிவிடும்.

டிம்மரையே தவிர்த்து இரண்டு வயரையும் ஒன்றாக இணைத்துவிடலாமே என்பார்கள். சோதனைக்கு அது அருமையான வழி. இணைத்ததும் வெளிச்சம் கூடினால் குற்றவாளி டிம்மர்தான் என்று தெரிந்துவிடும். ஆனால் அப்படியே நிரந்தரமாக விடுவது எனக்குப் பிடிக்காது. இருட்டான சாலையில் கண் இருளுக்குப் பழகியிருக்கும். அப்போது கேஜ்கள் பளீரென்று எரிந்தால் சாலை ஓரத்தில் நிற்கும் ஆள் தெரியாமல் போகலாம். டிம்மர் ஆபத்தைக் குறைக்கும் கருவி, அதை அலங்காரமாக நினைக்கக் கூடாது. கம்பி அறுந்திருந்தால் மாற்று டிம்மரைத் தேடிப் போடுங்கள். அது கிடைக்கும்வரை நேர் இணைப்பு இருக்கட்டும். டிம்மரும் ஹெட்லைட் ஸ்விட்சும் ஒரே துண்டாக வரும் அமெரிக்கக் கார்களில் முழு ஸ்விட்சையும் மாற்ற வேண்டிவரும்.

ஸ்விட்சிலேயே வோல்டேஜ் விழுகிறது என்றால் வேறொரு வழி இருக்கிறது. பழைய கார்களில் ஹெட்லைட்டின் முழுக் கரண்டும் அந்த ஸ்விட்ச் வழியாகப் போகிறது. ஹெட்லைட்டுக்குத் தனி ரிலே (சிறு கரண்டால் பெரிய கரண்டை இயக்கும் ஸ்விட்ச்) வைத்தால் ஸ்விட்சின் சுமை குறையும், டேஷ்போர்டு விளக்கும் தேறும், ஹெட்லைட்டும் பிரகாசமாகும். டேஷ்போர்டு விளக்குக்கென்று மட்டும் ரிலே வைப்பது தேவையற்ற வேலை.

இங்கே அடிக்கடி வரும் ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம். கேஜ்களுக்குப் பின்னால் இருக்கும் வோல்டேஜ் ஸ்டெபிலைசரை மாற்றினால் விளக்கு சரியாகும் என்று சிலர் நினைக்கிறார்கள். அது பெட்ரோல், டெம்பரேச்சர் போன்ற கேஜ்களுக்கு மட்டும் வேலை செய்வது. ஸ்மித்ஸ் கேஜ்களில் சராசரி 10 வோல்ட், ஃபோர்டு, கிரைஸ்லர் கார்களில் 5 வோல்ட் அளவில் தரும். விளக்குக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

இனி மற்றப் பக்கம். ஹோல்டரில் முழு வோல்டேஜ் வருகிறது, ஆனாலும் மங்கல். அப்போது பல்பையே கழற்றிப் பாருங்கள். இழையிலிருந்து ஆவியாகும் டங்ஸ்டன் கண்ணாடியின் உட்புறத்தில் கறுப்பாகப் படிந்திருக்கும். அந்த பல்பு எரியும், ஆனால் வெளிச்சத்தைத் தானே விழுங்கிவிடும். ஒன்று எரிந்துபோனால் ஒன்றை மட்டும் மாற்றும் பழக்கத்தால் பல கார்களில் வெவ்வேறு வாட் பல்புகள் கலந்து கிடக்கும். ஒரே வகையில் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் மாற்றுவது நல்லது. மாட்டுமுன் ஹோல்டரின் உட்புறத்தைத் தேயுங்கள். நெகிழும் பிளாஸ்டிக் தாளில் செம்புப் பட்டை ஓடும் பிரின்டட் சர்க்யூட் உள்ள கார்களில் உப்புத்தாள் வேண்டவே வேண்டாம், பட்டை அறுந்துவிடும். பென்சில் அழிக்கும் ரப்பர் போதும்.

கூடுதல் வாட் பல்பைப் பொறுத்தவரை, எவ்வளவு கூடுதல் என்பதுதான் கேள்வி. அமெரிக்கக் கார்களில் பரவலாக இருக்கும் 194 எண் பல்பு 3.8 வாட், வெளிச்சம் 2 கேண்டலா. அதே அளவில் 168 எண் பல்பு 4.9 வாட், 3 கேண்டலா. வாட் கொஞ்சம்தான் ஏறுகிறது, வெளிச்சம் ஒன்றரை மடங்காகிறது. ஹோல்டரும் உறையும் நல்ல நிலையில் இருந்தால் இந்த மாற்றத்தை நான் ஏற்பேன். அதற்கு மேல் போகக்கூடாது. வாட் ஏறினால் சூடும் ஏறும், மூடிய கேஜுக்குள் சூடு போக இடமில்லை. பழைய லூகாஸ் 987 போன்ற திருகு பல்பு 2.2 வாட் மட்டுமே. அதற்கு வடிவமைத்த இடத்தில் 5 வாட்டை வைத்தால் நிற வடிகட்டி வளையும், கேஜ் முகத்தின் பெயின்ட் பழுப்பாகும், பிளாஸ்டிக் ஹோல்டர் உருகும். டிம்மர் கம்பியும் கூடுதல் கரண்டைத் தாங்க வேண்டும் என்பதை மறக்காதீர்கள்.

பல்பு புதிது, வோல்டேஜ் முழுமை, அப்போதும் மங்கல் என்றால் கேஜின் உட்புறத்தைச் சந்தேகிக்க வேண்டும். பலரும் தொடத் தயங்கும் இடம் இது, ஆனால் அசல் பாகங்களோடு அசல் வெளிச்சத்தையும் மீட்டுத் தருவது இந்த வேலைதான். பழைய கேஜ்களில் பெரும்பாலானவற்றில் பல்பு நேராக எண்களைப் பார்த்து எரிவதில்லை. அதன் வெளிச்சம் கேஜ் உறையின் வெள்ளைச் சுவரில் பட்டு, சிதறி, கேஜ் முகத்தின் ஓரமாக வெளியே வருகிறது. அந்த வெள்ளை நாளடைவில் மஞ்சளாகி, தூசு படிந்து, உரிந்து போயிருக்கும். நடுவில் பச்சை அல்லது நீல நிற வடிகட்டி வேறு இருக்கும். ஸ்மித்ஸ் கேஜ்களில் பச்சைச் சாளரம், அமெரிக்கக் கார்களில் பல்பு மேல் மாட்டும் நீலநிற ரப்பர் உறை. சூட்டில் வெந்து வெந்து அவை கறுத்துவிடும். முதலில் ரப்பர் உறையைப் பாருங்கள். அதை மட்டும் மாற்றினாலே பெரிய வித்தியாசம் தெரியலாம்.

கேஜைப் பிரிப்பது வகையைப் பொறுத்தது. ஸ்மித்ஸ் கேஜின் வளையத்தைத் திருப்பி, அதன் பற்களை உறையின் வெட்டுகளுக்கு நேராகக் கொண்டுவந்தால் கழன்றுவிடும். விடிஓ போன்றவற்றில் வளையத்தின் விளிம்பை மடித்து இறுக்கியிருப்பார்கள். அதை நிமிர்த்தி மறுபடி மடிப்பதற்குக் கைத்திறன் வேண்டும், இல்லையென்றால் கேஜ் பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது. உள்ளே அடிக்க வேண்டியது பளபளப்பில்லாத வெள்ளை. அலுமினியத் தாள் ஒட்டினால் இன்னும் பிரகாசமாகும் என்று தோன்றும், ஆனால் ஓரிடத்தில் சூரியன்போல் பளீரென்றும் பக்கத்தில் இருட்டாகவும் ஆகிவிடும். பெயின்ட் முழுக்கக் காய்ந்த பின்புதான் மூட வேண்டும். அவசரப்பட்டால் ஆவி கண்ணாடியின் உட்புறத்தில் படலமாகப் படியும்.

ஓர் எச்சரிக்கை. இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய சில கார்களின் எண்களிலும் முள்ளிலும் இருட்டில் ஒளிர்வதற்காக ரேடியம் கலந்த பெயின்ட் பூசப்பட்டது. ஒளிர்வு எப்போதோ நின்றிருக்கும், கதிர்வீச்சு நிற்கவில்லை. அப்படிச் சந்தேகம் வந்தால் பிரிக்காதீர்கள், சுரண்டாதீர்கள்.

சரி, எல்இடிக்கு வருவோம். அதன் நன்மைகள் உண்மையானவை. கரண்ட் மிகக் குறைவு, சூடு கிட்டத்தட்ட இல்லை. ஹோல்டர் உருகாது, வடிகட்டி கருகாது. சூட்டில் நொறுங்கிக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக் உறை உள்ள காருக்கு அது பெரிய ஆறுதல். பல்பை எட்டிப் பிடிக்கவே டேஷ்போர்டைக் கழற்ற வேண்டிய கார்களிலும் நீண்ட ஆயுள் மதிப்புள்ள விஷயம்.

ஆனால் பழைய டேஷ்போர்டோடு அது பல இடங்களில் மோதுகிறது. முதலாவது, வெளிச்சம் போகும் திசை. இழை பல்பு எல்லாப் பக்கமும் வெளிச்சம் தரும். மலிவான எல்இடி முன்னால் மட்டும் அடிக்கும். சுவரில் பட்டுச் சிதறும் வெளிச்சத்தை நம்பியிருக்கும் கேஜில், ஓரிடத்தில் பொட்டு வெளிச்சமும் மற்ற எண்களில் இருட்டும்தான் மிஞ்சும். சுற்றிலும் எல்இடி துண்டுகள் பதித்த வகையைத்தான் வாங்க வேண்டும், அதுவும் பழைய பல்பின் நீளத்தைத் தாண்டாததாக.

இரண்டாவது நிறம். அந்தப் பச்சை, நீல வடிகட்டிகள் இழை பல்பின் மஞ்சள் வெளிச்சத்துக்காகச் செய்யப்பட்டவை. குளிர்வெள்ளை எல்இடியில் நீலம் தூக்கலாக இருக்கும். அதே வடிகட்டி வழியாக வரும்போது, காரின் காலத்துக்குப் பொருந்தாத பனிக்கட்டி நீலம் கிடைக்கும். மஞ்சள் சாயலுள்ள வெதுவெள்ளை பழைய நிறத்துக்கு அருகில் வரும். பச்சை வடிகட்டிக்குப் பச்சை எல்இடி வைத்தால் வெளிச்சம் வீணாகாது.

மூன்றாவது டிம்மர். பழைய டிம்மர் வேலை செய்வதே பல்புகள் இழுக்கும் கரண்டை வைத்துத்தான். ஐந்து 194 பல்புகள் சேர்ந்து சுமார் 1.35 ஆம்பியர் இழுக்கும், அதில் 10 ஓம் மின்தடை பெரிய வித்தியாசம் செய்யும். ஐந்து எல்இடிகள் மொத்தம் 0.15 ஆம்பியர் இழுத்தால் அதே 10 ஓமில் ஒன்றரை வோல்ட்தான் குறையும். டிம்மரைத் திருப்புவீர்கள், வெளிச்சம் அசையாது. எங்காவது ஒரே ஓர் இழை பல்பை அதே லைனில் விட்டுவைத்தால் ஓரளவு உதவும். முறையான தீர்வு, கரண்டை வேகமாக நிறுத்தி நிறுத்தி விடும் பிடபிள்யூஎம் டிம்மரை வைப்பது. எல்இடிக்கு மாறுகிறவர் அந்தச் செலவையும் வேலையையும் கணக்கில் சேர்த்துத்தான் ஒப்பிட வேண்டும். மங்க வைக்க முடியாத எல்இடியைவிடச் சுத்தம் செய்த இழை பல்பே இரவுப் பயணத்துக்கு நல்லது.

நான்காவதுதான் முக்கியம்: எச்சரிக்கை விளக்குகளைத் தனியாக விட்டுவிடுங்கள். பேட்டரியைச் சார்ஜ் செய்ய ஆல்டர்னேட்டர் உள்ள பல கார்களில் சார்ஜிங் விளக்கின் பல்பு வழியாகப் போகும் கரண்ட்தான் ஆல்டர்னேட்டரை எழுப்பிவிடுகிறது. 2.2 வாட் பல்பு கிட்டத்தட்ட 0.18 ஆம்பியர் தரும், எல்இடி அதில் சின்னப் பங்குதான். மாற்றிவிட்டால் ஆக்சிலரேட்டரை நன்றாக மிதிக்கும்வரை சார்ஜ் ஏறாமல் போகலாம். இரண்டு பக்க இண்டிகேட்டருக்கும் ஒரே விளக்கு உள்ள சில கார்களில், அந்த விளக்கு இடப்பக்க வயருக்கும் வலப்பக்க வயருக்கும் நடுவே மாட்டப்பட்டிருக்கும். கரண்ட் இரு திசையிலும் ஓட வேண்டும். சாதாரண எல்இடி ஒரு பக்கத்துக்கு மட்டும் எரியும்.

மின் அமைப்பும் எல்லாக் காரிலும் ஒன்றல்ல. 1967 கடைசிவரை வந்த எம்ஜிபி போன்ற பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு இணைந்திருக்கும். சாதாரண எல்இடி பல்பு அங்கே எரியவே எரியாது, முனை மாறினாலும் வேலை செய்யும் வகையைக் கேட்டு வாங்க வேண்டும். 6 வோல்ட் கார்களில் 12 வோல்ட் எல்இடி ஒளிராது. 6 வோல்ட்டில் ஒவ்வொரு பல்புக்கும் கரண்ட் இரட்டிப்பு என்பதால் இணைப்பின் சுத்தமும் இரட்டிப்பு முக்கியம். 1960 முதல் 1962 வரையிலான கிரைஸ்லர்களிலும் 1966இன் டாட்ஜ் சார்ஜரிலும் வந்த எலெக்ட்ரோலூமினசென்ட் கேஜ்களுக்கு இந்த ஒப்பீடே பொருந்தாது. அவற்றில் கேஜ் முகமே உயர்ந்த ஏசி வோல்டேஜில் ஒளிரும். மங்கினால் பார்க்க வேண்டியது அந்த வோல்டேஜை உண்டாக்கும் பெட்டியை. 200 வோல்ட் அளவில் இருக்கும் என்பதால், பழக்கமில்லாதவர் தொடக்கூடாது.

வோல்டேஜ் குறைவென்றால் எர்த்தும் டிம்மரும், வோல்டேஜ் சரியென்றால் பல்பும் ரப்பர் உறையும். இந்த அளவோடு நிறுத்திக்கொண்டு ஓர் இரவு ஓட்டிப் பாருங்கள். கேஜைப் பிரிப்பதா, எல்இடியா என்ற கேள்வி அதன் பிறகும் மிச்சமிருந்தால், காரின் அசல் தன்மையைக் காப்பவருக்கு நான் சொல்வது வெள்ளை பெயின்ட். தினமும் ஓட்டுபவருக்கும், உறை நொறுங்கும் நிலையில் உள்ள காருக்கும் பிடபிள்யூஎம் டிம்மரோடு சேர்த்து வெதுவெள்ளை எல்இடி. எதைச் செய்தாலும், கேஜ்களைத் திரும்பப் பொருத்துமுன் வெளியே வைத்தே தற்காலிக எர்த் வயர் கொடுத்து, இருட்டறையில் ஒவ்வொரு விளக்கையும் டிம்மரின் இரு முனைகளிலும் எரியவிட்டுப் பாருங்கள். எல்இடி என்றால் எரியாததைக் கழற்றித் திருப்பி மாட்ட வேண்டியிருக்கும், அதை டேஷ்போர்டுக்குள் கை நுழையாத இடத்தில் செய்வது கஷ்டம்.